திட்டுக்குப் பெய்த மழை

எங்க வீட்டுக்காரர் திரவியத்தைப் பிடிக்காதுன்னு சொல்ற ஆள் கோவில்பட்டி வட்டாரத்துல எத்தனை பேருன்னு கேட்டீங்கன்னா, தொட்டில்ல கிடக்கிற பச்சைப்பிள்ளையை விட்டுட்டு மிச்ச எல்லாரையும் எண்ணிக்கோங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா அதே ஆளுங்கதான் பங்குனி பிறந்துட்டா வெத்தலை பாக்கோட எங்க வாசல்ல வந்து நின்னு, எங்க அம்மன் கோயில் பொங்கலுக்கு உங்க கச்சேரி இல்லாம ஆகாதுக்கான்னு பல்லைக் காட்டுவாங்க. திரவியம் மெல்லிசைக் குழுன்னு பேனர்ல கொட்டை எழுத்துல இருக்கும். ஆம்பளைக் குரலுக்கு அவர், பொம்பளைக் குரலுக்கு நான், லில்லிபுஷ்பம், அவர் பொண்டாட்டி.

ஏன்யா பிடிக்கலைன்னு கேட்டா ஒருத்தனுக்கும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது. சித்திரை வெயில்ல கண்ணாடிச் சில்லு தச்ச கோட்டைப் போட்டுக்கிட்டு வர்றான்னு ஒருத்தன் சொல்லுவான், பாட்டுக்குப் பாட்டு 'கைதட்டுங்க என் கண்ணுகளா'ன்னு கேக்கிறான்னு இன்னொருத்தன் சொல்லுவான், மேல் ஸ்தாயிக்குப் போனா தகரத்துல ஆணியை இழுத்தாப்புல இருக்குன்னு மூணாவது ஆள் சொல்லுவான், அது மட்டும் நெசம்தான், நானே பக்கத்துல நின்னு பல்லைக் கடிச்சிருக்கேன். எல்லாத்துக்கும் மேல அந்தப் பாட்டு. 'வாடி என் வெல்லக்கட்டி, வந்து நில்லு நெஞ்ச ஒட்டி'ன்னு அவரே எழுதி அவரே மெட்டுப் போட்டது, மினிபஸ்ல, ஷேர் ஆட்டோவுல, காதுகுத்து வீட்டுல, ஓட்டுக் கேட்டு வர்ற ஜீப்புலன்னு போகாத இடமில்லை. காதுல ரத்தம் வருதுடான்னு அலறினவன் எல்லாம் அந்தப் பாட்டை முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் மனப்பாடமா வச்சிருந்தான். அது என்ன ஜென்மமோ.

இவருக்கு அது உறைக்காதுன்னுதான் ஊரே நினைச்சுச்சு. மேடைக்குக் கீழ இருந்து எறங்குலேன்னு கத்துவாங்க, இவர் நன்றி என் கண்ணுகளான்னு கும்பிடுவார். பக்கத்துல நிக்கிற எனக்குத்தான் தெரியும், அந்த நேரத்துல அவர் காதுக்குக் கீழ ஒரு நரம்பு துடிக்கும், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டுற வரைக்கும் அது அடங்காது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்துச்சு. அவர் கட்டின இன்னொரு பாட்டு இருக்கு, கீழ் ஸ்தாயியிலேயே போற பாட்டு, ஒரு கச்சேரி முடிஞ்சு நாங்க பஸ்ல திரும்பி வரும்போது நான் அவர் தோள்ல சாஞ்சு தூங்கிட்டேன், அப்ப மெதுவா முணுமுணுத்துக் கட்டினது. 'பாதி வழிதான் ஆச்சுது கண்ணே, பஸ்சு இன்னும் ஓடுது, ஊரு வந்தா நான் எழுப்புறேன், நீ தூங்கு'ன்னு ஆரம்பிக்கும். அந்தப் பாட்டுல அவர் குரல் வேற குரல். அசந்த காலை வெந்நீர்ல வச்ச மாதிரி இதமா இருக்கும் எனக்கு. ஒவ்வொரு மேடையிலயும் கடைசியில கைகூப்பி, இந்த ஒரு பாட்டை மட்டும் சத்தம் போடாமக் கேளுங்கய்யான்னு கேப்பார். முதல் வரி முடியறதுக்குள்ள விசில் பறக்கும், வெல்லக்கட்டியைப் பாடுலேன்னு ஒருத்தன் கத்துவான், அந்த வெல்லக்கட்டியை வையறதுக்குன்னே இன்னும் பத்துப் பேர் எழுந்திரிப்பாங்க. முழுப் பாட்டையும் கேட்டது நான் ஒருத்திதான்.

இப்படி இருக்கும்போதுதான் புளியங்கண்மாய்ல மழை பெஞ்சுச்சு.

புளியங்கண்மாய் கரிசக்காட்டு ஊர். வானம் பாத்த பூமி. அந்த வருசம் ஊர்க் கண்மாய் காஞ்சு வெடிச்சுக் கிடந்துச்சு, மாட்டையெல்லாம் வித்துட்டாங்க, பொம்பளைங்க தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசை போட்டுட்டு அந்தக் குடத்துக்குப் பக்கத்துலயே உக்காந்து கிடந்தாங்க. ஆனாலும் அம்மனுக்குப் பொங்கல் வைக்காம இருக்க முடியுமா, பொங்கல் வச்சா கச்சேரி இல்லாம இருக்க முடியுமா? பொழுது சாயுற நேரம், இவர் கோட்டை மாட்டிக்கிட்டு வெல்லக்கட்டியை எடுத்தார். தாகத்துல இருக்கிற சனத்துகிட்ட வந்து நெஞ்ச ஒட்டி நில்லுன்னா எப்படி இருக்கும்? கூட்டத்துல இருந்து முதல்ல எழுந்தது குருவம்மான்னு ஒருத்தி. புருசன் இல்லாம ரெண்டு ஏக்கரைத் தனியாளா உழுது விதைக்கிறவ, அவ வாய்க்கு அந்த ஊர்ல ஆம்பளைங்களே வழி விடுவாங்க. "ஏய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும், அந்த வாயைக் கொஞ்சம் மூடு! இருக்கிற எச்சியும் வத்திப்போச்சு எங்களுக்கு"ன்னா. ஊரே சிரிச்சுச்சு, சிரிச்ச வாயோட ஊரே வைய ஆரம்பிச்சுச்சு, ஒரு செருப்பு பறந்து வந்து கீபோர்டு மேல விழுந்துச்சு. இவர் சிரிச்சுக்கிட்டே கும்பிட்டார். நரம்பு துடிச்சுச்சு. அந்தச் செருப்பு மேலதான் முதல் சொட்டு விழுந்துச்சு.

மழை வந்தா யாராவது ஏன் வந்தேன்னு கேப்பாங்களா, ஓடிப்போய்க் குடத்தைத்தான் எடுத்து வைப்பாங்க. ஊர் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் மட்டும் பெஞ்சுச்சு, வெளியூர்ல இருந்து பைக்ல வந்தவனுக்கு முன் சக்கரம் நனைஞ்சு பின் சக்கரம் புழுதியா நின்னுச்சு, அதையும் யாரும் பெருசா எடுத்துக்கலை, அவனையும் ஒரு குடத்தைப் பிடிக்கச் சொன்னாங்க. வைஞ்சு வைஞ்சு தொண்டை கட்டி ஊர் ஓயும்போது மழையும் ஓஞ்சுச்சு. பஞ்சாயத்துத் தலைவர் வீரசின்னு அதைக் கவனிச்சுட்டார். கையைக் காட்டி இன்னொரு தடவை வெல்லக்கட்டி பாடச் சொன்னார், பாடினதும் அவரே எழுந்து நின்னு அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து வைஞ்சார், மழை வலுத்துச்சு.

மழை இல்லாத வருசத்துல இந்தப் பக்கம் கொடும்பாவி இழுப்பாங்க. வைக்கோல்ல ஒரு ஆளைக் கட்டி, ஊர்ப் பாவமெல்லாம் இவன் தலையிலன்னு சொல்லி, தெருத்தெருவா இழுத்துட்டுப் போய், பொம்பளைங்க மாரடிச்சு ஒப்பாரி வச்சு, கடைசியில கண்மாய்க்கரையில கொளுத்துவாங்க. அப்படிச் செஞ்சா மழை வரும்னு ஒரு நம்பிக்கை. மறுநாள் டீக்கடையில உக்காந்து வீரசின்னு சொன்னாராம், "இத்தனை வருசமா வைக்கோலை இழுத்துட்டுக் கிடந்தோம், வைக்கோலுக்கு என்ன தெரியும்? இப்பத்தான்யா உசிரோட ஒருத்தன் மாட்டியிருக்கான்"னு. டீ குடிச்சிட்டிருந்தவன் ஒருத்தன்கூட அதுல தப்பு இருக்கிறதாச் சொல்லலை.

அதுக்கப்புறம் எங்களுக்கு நல்ல காலம்னுதான் சொல்லணும், தூ. உழவுக்கு ஒரு கச்சேரி, விதைப்புக்கு ஒரு கச்சேரி, பயிர் வாடினா ஒரு கச்சேரி. மத்தியான வெயில்ல சனத்துக்கு எரிச்சல் கூடுதலா இருக்கும்னு கச்சேரியை உச்சி வேளைக்கு மாத்தினாங்க. செருப்பு வேண்டாம், ஆள் அடிபட்டுட்டா அடுத்த வருசத்துக்கு என்ன பண்றதுன்னு வாயால மட்டும் வையணும்னு தீர்மானம் போட்டாங்க. மழையை மனசுல வச்சுக்கிட்டு வைஞ்சா ஒரு சொட்டு விழாது, பாட்டைக் கேட்டு நெஞ்சு எரிஞ்சு வைஞ்சாத்தான் விழும்னு சீக்கிரமே கண்டுபிடிச்சாங்க, அதனால மேடைக்கு முன்னாடி நல்லா நெஞ்சு எரியுற ஆளுங்களா உக்கார வச்சாங்க, அதுக்குக் குருவம்மாதான் தலைவி. தாலுகா ஆபீஸ்ல இருந்து மழை அளக்கிற ஆள் வந்து, அளந்து, குழம்பி, கடைசியில அவனும் ரெண்டு வார்த்தை வைஞ்சுட்டுப் போனான்.

வையறதுக்குத்தான் கூப்பிடுறாங்கங்கிற விசயம் இவர் காதுக்கு வந்தப்ப நான் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சேன். "நீங்க என்ன மனுசனா, மோட்டார் பம்பா? இனி அந்த ஊர் மண்ணை மிதிச்சீங்கன்னா பாருங்க"ன்னேன்.

அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே, "விடு லில்லி, பாவம் சம்சாரிங்க, காட்டை நம்பிப் பொழைக்கிறவங்க. நம்ம பாட்டுக்கு அந்த மட்டும் ஒரு பிரயோசனம் இருக்குல்ல"ன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "மழை நல்லாப் பெஞ்சு அவங்க மனசு குளிர்ந்துருச்சுன்னா, ஒருநாள் அந்தப் பாட்டையும் கேப்பாங்க"ன்னார். இந்த மனுசனை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய?

அவர் சொன்னது பலிக்கத்தான் செஞ்சுச்சு. கண்மாய் நிறைஞ்சுச்சு, மானாவாரிக் காட்டுல நெல்லு நட்டாங்க, பிறகு வாழை கூட வச்சாங்க, கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல முள்ளு மண்டினப்ப அதை யாரும் வெட்டலை, கிணத்தைத் தூர் வாரலை, திரவியம் இருக்கும்போது அதெல்லாம் எதுக்குன்னு விட்டுட்டாங்க. வயிறு நிறையவும் மனசு மாறிருச்சு. சின்னப்பிள்ளைங்க வெல்லக்கட்டி மாமான்னு வண்டிக்குப் பின்னாடி ஓடி வந்துச்சு. காதுகுத்துக்கு மாமன் முறைக்கு இவரை உக்கார வச்சாங்க. குருவம்மா எனக்கு வெடக்கோழி பிடிச்சுக் குடுத்து, "அண்ணன் ரொம்ப இளைச்சுட்டாகக்கா, சாறு வச்சுக் குடுங்க"ன்னா. கச்சேரியிலயும் வைவாங்க, ஆனா அந்த வசவுல சர்க்கரை இருக்கும், போடா என் வெல்லக்கட்டின்னு கையைத் தட்டிக்கிட்டே வைவாங்க. இவருக்குக் கன்னத்துல சதை போட்டுச்சு, நரம்பு துடிக்கிறது நின்னே போச்சு. வானமும் நின்னு போச்சு.

நட்ட நெல்லு மஞ்சளாகும்போது வீரசின்னு கோவில்பட்டிக்கு வந்தார். இவர் கடைக்குப் போயிருந்த நேரம் பாத்து வந்து, நாற்காலி நுனியில உக்காந்து, காப்பியை ஆத்திக்கிட்டே ஆரம்பிச்சார்.

"அக்கா, சனத்துக்கு அண்ணன் மேல பிரியம் வந்துருச்சு. பிரியம் வந்தா நாங்க எங்கக்கா போறது? ஒரு பொய் சொல்லலாம்னு இருக்கோம். நீங்க அதை இல்லைன்னு சொல்லாம வாயைக் கட்டிக்கிட்டு இருந்தாப் போதும்."

"என்ன பொய்?"

"அது வந்து… பக்கத்து ஊர் மேடையில அண்ணன், புளியங்கண்மாய்ப் பொம்பளைங்க வாயை வித்து வயிறு கழுவுறவளுகன்னு சொன்னதா."

நான் எழுந்து விளக்குமாத்தைத் தேடினேன். அது கைக்குக் கிடைக்கிறதுக்குள்ள ஆள் தெருமுக்குல நின்னார், காப்பி டம்ளரோட. அன்னிக்கே இவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், போக வேண்டாம்னு காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். இவர் சிரிச்சார். "அந்தச் சனம் அப்படியெல்லாம் செய்யாது. இந்தத் தடவை அந்தப் பாட்டைக் கேக்கிறதா குருவம்மாவே வாக்குக் குடுத்திருக்கு"ன்னார்.

போனோம். கூட்டம் கம்முன்னு இருந்துச்சு. வெல்லக்கட்டி பாடினப்பவும் கம்முன்னு இருந்துச்சு. இவர் என் பக்கம் திரும்பி, பாத்தியா லில்லின்னு கண்ணைக் காட்டினார், கோட்டைக் கழட்டி வச்சார், மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு 'பாதி வழிதான் ஆச்சுது கண்ணே'ன்னு எடுத்தார். ரெண்டாவது வரிக்கு வர்றதுக்குள்ள குருவம்மா எழுந்து நடந்து வந்தா. மேடைக்கு நேரா நின்னு, குனிஞ்சு, ரெண்டு கையாலயும் மண்ணை வாரி அவர் மேல தூத்தினா. "நீ நாசமாப் போவே! உன் குரல் அவிஞ்சு போகும்! நாங்களாடா வாயை வித்துத் திங்கிறோம்? உன்னை எங்க வீட்டுப் பிள்ளையா நினைச்சோமேடா!" அவளுக்குப் பின்னாடி எல்லாப் பொம்பளைங்களும் எழுந்து மண்ணை வாரினாங்க. பொய்யில்லை அந்தக் கோபம், அந்தப் பேச்சு பொய்யின்னு கூட்டத்துல தெரிஞ்சவங்க வீரசின்னுவும் அவர்கூட உக்காந்திருந்த நாலு பேரும்தான். தலையில மண்ணோட நின்னு இவர், "நான் அப்படிச் சொல்லலையே தாயி, நான் சொல்லவே இல்லையே"ன்னு மைக்கிலயே சொன்னார். அந்த மழையைப் போல ஒரு மழையை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்லை, அவர் தலையில இருந்த மண்ணு கரைஞ்சு கழுத்து வழியா இறங்குச்சு.

வீட்டுக்கு வந்து சுவத்தைப் பாக்கத் திரும்பிப் படுத்தவர்தான். பாட்டு இல்லை, முணுமுணுப்பு இல்லை, குளிக்கும்போது ஒரு சீட்டி கூட இல்லை. எங்க தெருவுல மழை பிடிச்சுக்கிச்சு. யாரும் வையலை, யாரும் கச்சேரி வைக்கலை, ஆனாலும் எங்க கூரைக்கு மேலயும் அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கு மேலயும் நசநசன்னு தூறிக்கிட்டே இருந்துச்சு. தெருக்காரங்க முதல்ல அண்டாவைக் கொண்டாந்து வச்சாங்க, அப்புறம் துணி காயலைன்னு முணுமுணுத்தாங்க, அப்புறம் வீட்டுக்காரம்மா வந்து, "லில்லி, தப்பா நினைக்காதே, சுவரு ஊறுது, வேற வீடு பாத்துக்கோ"ன்னா. ஈரம் கூடவே வர்ற ஆளுக்கு யார் வீடு குடுப்பா? குழுவும் கலைஞ்சு போச்சு, கீபோர்டுக்காரப் பையன் திருப்பூருக்குப் போயிட்டான்.

ஒருநாள் வாசல்ல குடையோட வீரசின்னு நின்னார். உள்ள வரலை. வானத்தைப் பாத்தார், சன்னல் வழியா இவரைப் பாத்தார், திரும்ப வானத்தைப் பாத்தார்.

"இத்தனை நாளா எங்க வாய்லதான் மழை இருக்குன்னு நினைச்சோம்க்கா. இல்லை. அண்ணனுக்கு உள்ளுக்குள்ள வலிச்சாத்தான் மழை." இதைச் சொல்லும்போது அந்த ஆள் முகத்துல, தொலைஞ்ச மாட்டைக் கண்டுபிடிச்சவன் சந்தோசம். "எங்க ஊருக்கு வந்துருங்க. கண்மாய்க்கரையில வீடு இருக்கு. கரண்டு, சாப்பாடு, எதுக்கும் குறை வைக்க மாட்டோம்."

அவன் முகத்துல காறித் துப்பணும்னு இருந்துச்சு. துப்பிட்டு எங்க போறது? போனோம்.

குறை வைக்கலைதான். முறை வச்சு வீட்டுக்கு ஒரு நாள் சோறு வந்துச்சு, அயிரைமீன் குழம்பு வந்துச்சு, தீபாவளிக்கு வேட்டி சேலை வந்துச்சு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, அவருக்கு ஆறுதல் சொல்லிராதீங்கக்கா. அன்னிக்கு மண்ணு வாரின மழை பெஞ்சு முடிஞ்ச பிறகு, அந்த மேடைப் பேச்சு பொய்யின்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. குருவம்மா என்னைக் கட்டிக்கிட்டு அழுதா, "பாவி, தெரியாம மண்ணை வாரிட்டேனேக்கா"ன்னு. சரி, உள்ள போய் அவர்கிட்ட அதைச் சொல்லுன்னேன். கண்ணைத் துடைச்சா. சன்னல்ல அவர் முதுகைப் பாத்தா. திரும்பித் தன் வயலைப் பாத்தா. குழம்புச் சட்டியை வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டா. நான் சொல்லாம இருப்பேனா? நாள் தவறாமச் சொன்னேன், அது கட்டின பொய், அவங்களுக்கு உங்க மேல கோபமே இல்லைன்னு. "நீ என் பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவே"ன்னு திரும்பிப் படுத்துக்குவார். மண்ணை வாரினவ வாயால வரணும்னு அந்த மனசு காத்துக் கிடந்துச்சு.

அறுப்புக்கு வெயில் வேணும்னா மட்டும் ரெண்டு பேரை அனுப்புவாங்க. சன்னலுக்கு வெளியில நின்னு, "அண்ணே, உங்க பாட்டை மாதிரி வராதுண்ணே"ன்னு சொல்லுவாங்க. அவருக்குத் தெரியும், அறுப்பு முடியற வரைக்கும்தான் இந்தப் பேச்சுன்னு. தெரிஞ்சேதான் நம்புவார், எழுந்து உக்காந்து தலையைக் கூடச் சீவிக்குவார், வெயில் அடிக்கும். கதிரைக் களத்துல சேத்ததும் அதே சன்னலுக்கு வெளியில பிள்ளைங்களை விட்டு வெல்லக்கட்டியை ஊளையிட வைப்பாங்க. அவர் சீப்பைக் கீழ வச்சுட்டுச் சுவத்தைப் பாக்கத் திரும்புவார். வெளிய இலை நுனியெல்லாம் பச்சையாச் சொட்டும். பச்சையைப் பாத்தாலே எனக்குக் குமட்டும்.

ஒருநாள் மத்தியானம் நான் அடுப்படியில மீன் ஆஞ்சுக்கிட்டிருந்தேன். வெளிய தூறிக்கிட்டிருந்துச்சு, நெல்லு பால் பிடிக்கிற நேரம். என்ன நினைச்சேனோ, 'பாதி வழிதான் ஆச்சுது கண்ணே'ன்னு நானே எடுத்தேன். அது அவர் குரலுக்குக் கட்டின மெட்டு, எனக்கு அந்தக் கீழ் ஸ்தாயி எட்டாது, கர்ணகொடூரமா இருந்துச்சு, ஆனாலும் விடாம அதையே திரும்பத் திரும்பப் பாடினேன், பாடப் பாட எனக்கு அழுகை வந்துருச்சு. நாலாவது வாட்டியோ அஞ்சாவது வாட்டியோ, சுவத்துப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"அப்படியில்லை லில்லி. 'ஓடுது'ல இறங்கணும்."

"எனக்கு வரலை. நீங்களே இறங்குங்க"ன்னேன், மீனை விட்டு நிமிராம.

பாடினார். அத்தனை நாள் பேசாத தொண்டை முதல்ல கரகரத்துச்சு, அப்புறம் வழிக்கு வந்துச்சு. முதல் சரணத்துல எழுந்து உக்காந்தார், ரெண்டாவது சரணத்துல எழுந்து நின்னார். ஓட்டு மேல தூறல் சத்தம் நின்னுச்சு. சன்னல் வழியா வெயில் வந்து அருவாமனை மேல விழுந்துச்சு. அந்த வெயிலைக் கண்டு எனக்கு வந்த சந்தோசத்தை நான் மறைக்க மாட்டேன், யாருக்கு வேணும்னாலும் சொல்லுவேன்.

கரைக்குக் கீழ இருந்து ஆள் வர்ற சத்தம் கேட்டுச்சு. வயல்ல நின்னவன், வாய்க்கால்ல நின்னவன், களத்துல இருந்தவ எல்லாரும் வாசல்ல வந்து சேந்துட்டாங்க. முன்னால வீரசின்னு. "பாட்டை நிறுத்துடா! இன்னும் ரெண்டு மழை இல்லைன்னா அம்புட்டும் பதருடா!"ன்னு கத்தினார். அப்புறம் எல்லாரும் வைஞ்சாங்க. பொய்யில்லாத வசவு, வயித்துல இருந்து வந்த வசவு, இத்தனை வருசத்துல அந்த ஊர் வைஞ்சதெல்லாம் அன்னிக்கு வைஞ்சதுக்குக் கால் தூசி பெறாது. ஒரு சொட்டு விழலை. அவர் என்னைப் பாத்துப் பாடிக்கிட்டிருந்தார்.

வீரசின்னுவுக்குப் புத்தி மட்டும் எப்பவும் குறைஞ்சதில்லை. கத்துறதை நிறுத்திட்டு என் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, நாங்க சொன்னா இனி உறைக்காது. நீங்க சொன்னா உறைக்கும். நல்லால்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

பாட்டு நின்னுச்சு. "நல்லால்லையா லில்லி?"ன்னு அவர் கேட்டார்.

"நல்லாயிருக்கு. நீங்க நிறுத்தாதீங்க"ன்னேன்.

கூட்டத்தை விலக்கிக்கிட்டு குருவம்மா வந்தா. கையில ஈர மண்வெட்டி, கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு. "உன் புருசன் பாட்டு பெருசா, எங்க வயிறு பெருசா? சொல்லுடி! எங்க சோத்தைத் தின்னுட்டுத்தானே இருக்கே?"

"வயிறுதான் பெருசு, நான் இல்லைன்னு சொல்லலை. அன்னிக்கு இவர் உங்களைக் கேவலமாப் பேசினது உண்மையா பொய்யா? இப்ப இவர் முகத்தைப் பாத்துச் சொல்லு குருவம்மா. ஒரு வார்த்தை சொல்லு."

அவ அவர் முகத்தைப் பாத்தா. வாயைத் திறந்தா. திறந்த வாயோட கழுத்தைத் திருப்பி வயலைப் பாத்தா. பொய்யின்னு சொன்னா அந்த மனசு ஆறிரும், ஆறிருச்சுன்னா மழை போச்சு. உண்மைன்னு சொல்லவும் அவளுக்கு நாக்கு எழும்பலை. அந்த மௌனத்துலயே அவருக்கு எல்லாம் விளங்கிருச்சு. நான் வருசக்கணக்கா தொண்டை கிழியச் சொன்னது, அவ பேசாம நின்ன அந்த ஒரு நிமிசத்துல விளங்கிருச்சு.

ஆனா இந்த மனுசன் இருக்காரே, அவருக்குக் கோபம் வரலை. குருவம்மாவோட கையைப் பாத்தார், காப்புக் காச்சின கை. அவளுக்குப் பின்னாடி தெரிஞ்ச வயலைப் பாத்தார். பாவம் லில்லின்னு வாய்க்குள்ள சொன்னார். காதுக்குக் கீழ நரம்பு ஒரு தடவை துடிச்சுச்சு, கண்மாய்க்கு மேக்கால கையகல மேகம் ஒண்ணு வந்து நின்னுச்சு. எல்லா முகமும் ஒரே நேரத்துல மேல திரும்புச்சு. குருவம்மாவும் நிமிந்து பாத்தா, அவ முகத்துல வந்த ஆசையை நான் பாத்தேன், நல்லாப் பாத்தேன், பாக்கலைன்னு சொல்ல மாட்டேன்.

மீன் செதில் ஒட்டின கையாலயே அவர் தாடையைப் பிடிச்சு என் பக்கம் திருப்பினேன். "அங்க பாக்காதீங்க. கடைசிச் சரணம் மிச்சம் இருக்கு. பாடுங்க."

பாடினார். மேகம் அசையாம நின்னுச்சு, அப்புறம் ஓரத்துல இருந்து பிரிஞ்சுச்சு. ஒருத்தர் கூட வாசலை விட்டு நகரலை. எங்கயாவது அவர் குரல் உடையும், எங்கயாவது ஒரு இடத்துல கண்ணு கலங்கும், ஒரு சொட்டாவது விழும்னு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, வானத்தைப் பாத்தபடி, அவர் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு ஊரே சத்தம் போடாம நின்னு அந்தப் பாட்டைக் கடைசி வரி வரைக்கும் கேட்டுச்சு.